கோந்தக்காவும் நாற்பத்தொரு கிணறுகளும்

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டு உரியவில்லை. ஈரத்துணி வைத்துப் பார்த்தோம். வெந்நீர் தொட்டுப் பார்த்தோம். கோந்தக்காவின் சித்தி மகள் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வேண்டாம் என்றேன். அலமாரியை வாங்க வந்த பழைய சாமான்காரர், "சீட்டோடயே எடுத்துக்கறேன், விடுங்க. அதுக்கு ஒரு சண்டையா?" என்றார்.

மூன்று அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். நீல மையில், நிதானமான கையெழுத்தில், ஓர் இணைய முகவரி. முகவரியின் முடிவில் 123456789/47 என்று ஓர் எண். இன்று அந்த முகவரியை எந்தக் கணினியில் அடித்தாலும் எதுவும் திறக்காது. பன்னிரண்டு வருடங்களாகவே அப்படித்தான்.

கோந்தக்கா மே மாதம் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு இறந்தார். வயது அறுபத்தொன்று. வீட்டில் இருந்த தாள்களைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சித்தி மகள் என்னைக் கூப்பிட்டிருந்தாள். தாள்கள் அதிகம் இல்லை. பணி நியமனக் கடிதம், ஓய்வு ஆணை, மருத்துவச் சீட்டுகள், ஒரு பயிலரங்கச் சான்றிதழ், துணியில் சுற்றிய நாற்பத்தாறு தாள்கள். அலமாரியின் அடித்தட்டில், நுனியில் இரும்புக் குண்டு கட்டிய ஒரு நீளக் கயிறு.

அவருக்குக் கோந்தக்கா என்ற பெயர் எங்கள் கல்லூரி நூலகத்தில் வந்தது. இருபத்தேழு வயதில் தற்காலிக ஊழியராக வந்தார். புத்தகங்களின் முதுகில் எண் எழுதிய சீட்டு ஒட்டுவதுதான் முதல் வேலை. கோந்தை அவரே காய்ச்சுவார். என்ன சேர்ப்பார் என்று யாருக்கும் சொன்னதில்லை. "புத்தகம் கிழியும், கோந்தக்கா ஒட்டின சீட்டு கிழியாது" என்பது எங்கள் நூலகத்தில் பழமொழி. ஐந்து வருடத்தில் நாலு முதல்வர்களைப் பார்த்த கல்லூரி அது. நாலாவது முதல்வர் நூலகத்துக்கு வந்தபோது அவரிடம் சொன்னார்: "என் நாற்காலியிலயும் கொஞ்சம் தடவி விடும்மா." கோந்தக்கா யோசிக்காமல், "உக்காந்ததுக்கப்புறம் எந்திரிக்க முடியலன்னு என்னைத் திட்டக் கூடாதுங்க" என்றார்.

திருமணம் ஆகி, மூன்று வருடத்தில் திரும்பி வந்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "இரவல் போன புஸ்தகம் சார். அட்டை கிழிஞ்சு திரும்பி வந்துச்சு. எடுத்து அடுக்கிட்டாங்க. அவ்வளவுதான்" என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார். தாய் தகப்பன் இல்லை. தம்பி ஒருவன். பதினோரு வயது இளையவன். அவர் வேலைக்கு வந்தபோது அவனுக்குப் பதினாறு. அவர் சம்பளத்தில் படித்தான். எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்து, முதுகலை முடித்து, ஆய்வு மாணவனானான்.

நிலத்தடி நீர்தான் அவன் ஆய்வு. ஊரில் நாற்பத்தொரு கிணறுகளைத் தேர்ந்தெடுத்தான். மூன்று வருடம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், காலை ஐந்தரைக்குத் தொடங்கி மதியத்துக்குள் அத்தனை கிணறுகளிலும் நீர்மட்டம் அளந்தான். அளவுக் குறி போட்ட கயிற்றை அவன் இறக்குவான். குண்டு நீரைத் தொட்டதும் அளவைச் சொல்வான். "நாலு புள்ளி ஆறு." அக்கா திருப்பிச் சொல்வார். "நாலு புள்ளி ஆறு." பிறகுதான் நோட்டில் எழுதுவார். இரண்டு சைக்கிள்கள், ஒரு கயிறு, ஒரு நோட்டு. நூற்று ஐம்பத்தாறு ஞாயிறுகள், ஆறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றாறு அளவுகள். மழை என்றோ காய்ச்சல் என்றோ ஒன்றும் விட்டுப்போகவில்லை.

கிணற்று வீட்டுக்காரர்கள் அவனைக் கயித்துத் தம்பி என்றார்கள். "கயித்துத் தம்பி வந்தாச்சு, இனிமே தூங்க முடியாது, எந்திரிங்க" என்று வீட்டுக்குள் குரல் கேட்கும். புத்தகம் முடிந்ததும் அவரவர் கிணற்றின் பக்கங்களை அவரவர் வீட்டில் கொண்டுவந்து தருவதாக அவன் நாற்பத்தொரு வீட்டிலும் சொல்லியிருந்தான்.

ஆய்வேட்டைக் கணினியில் அடித்து, திருத்தம் பார்க்க ஒரு பிரதி எடுத்தான். நூற்று அறுபத்தொன்பது தாள்கள். கிணற்றுக்கு மூன்று தாள், வருடத்துக்கு ஒன்று. முன்னுரையும் முடிவுரையும் படங்களுமாக நாற்பத்தாறு. சமர்ப்பிக்க ஐந்து வாரம் இருந்தபோது காய்ச்சலில் படுத்தான். பத்தொன்பதாம் நாள் போய்விட்டான். வயது இருபத்தேழு. அளவு எழுதிய நோட்டுகளைச் சரிபார்க்கத் துறையில் வாங்கி வைத்திருந்தார்கள். அறைக்கு வெள்ளையடித்தபோது அவை குப்பையோடு போயின. அடித்ததைச் சேமித்திருந்த பிளாப்பி வட்டு எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. மிஞ்சியது அந்த ஒரே பிரதி.

மூன்று மாதம் கழித்துக் கோந்தக்கா அதற்குத் தானே அட்டை போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி, சீட்டில் எண்ணுக்கான இடத்தை வெறுமையாக விட்டு, என் மேசைக்குக் கொண்டுவந்தார். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு நூலுக்கும் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.

"சார், இதை ஏத்திடுங்க."

"இது சமர்ப்பிக்கலையேம்மா. சமர்ப்பிச்சு, ஏத்துக்கிட்ட ஆய்வேடுதான் உள்ள வரலாம். துறையிலேர்ந்து கடிதம் வேணும்."

துறையில் அவரிடம் சொன்னார்கள்: சமர்ப்பிக்காத ஆய்வேட்டுக்கு நாங்கள் எப்படிக் கடிதம் தருவது?

அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை, புத்தகங்களை எண்ணிச் சரிபார்க்கும் வாரத்தில், அவர் வந்து நிற்பார். "இந்த வருசமாவது என் தம்பிக்கு அட்மிஷன் உண்டா சார்?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார். நானும் சிரித்துக்கொண்டே இல்லை என்பேன். பதினோரு முறை. தேதிகள் என்னிடம் உள்ளன.

அந்தப் பன்னிரண்டாம் வருடத்தில்தான் பயிலரங்கம் நடந்தது. நூலக ஆவணங்களை இணையத்தில் சேமித்துவைக்கும் டிஜிட்டல் களஞ்சியம் அமைக்கும் மென்பொருளில் மூன்று நாள் செய்முறைப் பயிற்சி. திங்கள், செவ்வாய், புதன். மாடியில் உள்ள கணினி அறையில் இருபத்து நான்கு இருக்கைகள். வெளிக் கல்லூரிகளிலிருந்து இருபத்து நான்கு நூலகர்கள் வருவதாக இருந்தது. இருபத்து மூன்று பேர் வந்தார்கள். பயிற்சியாளர் தடித்த கண்ணாடி போட்ட இளைஞர், வேகமாகப் பேசுபவர். நிகழ்ச்சிக் குறிப்பு எழுத என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். ஓய்வுபெற எனக்கு ஏழு மாதம் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்குப் பயிற்சியாளர் சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது. "இது பயிற்சிக்காகப் போட்ட சர்வர். பயப்படாம எது வேணும்னாலும் பண்ணிப் பாருங்க. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் அழிச்சிடுவேன். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நிரந்தர எண் வரும். முன்னால ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் வரிசையா இருக்கும் பாருங்க, அது சும்மா, பொம்மை எண். நிஜமா நடத்தும்போது உங்களுக்குன்னு தனி எண் வாங்கணும்."

அப்போது கோந்தக்கா அறையில் இல்லை. கீழே இருந்து நாற்காலி தூக்கி வந்துகொண்டிருந்தார். பத்தே முக்காலுக்குக் கடைசி நாற்காலியோடு உள்ளே வந்தார். காலியாக இருந்த இருபத்து நான்காம் கணினியைப் பயிற்சியாளர் காட்டினார்.

"ஒரு லாகின் வீணாப் போகுது. அக்கா, நீங்க உக்காருங்களேன்."

"நானா? எனக்குக் கோந்துதான் தம்பி தெரியும்."

"இதுவும் சீட்டு ஒட்டற வேலைதான்க்கா. என்ன, சீட்டு கண்ணுக்குத் தெரியாது."

உட்கார்ந்தார். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, சுருக்கம் என்று திரையில் வந்த கட்டங்களைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கையில் புரண்ட விஷயங்கள்தானே. மாலை நாலு மணிக்குப் பயிற்சியாளர், "நாளைக்கு ஆளுக்கொரு ஆவணம் கொண்டு வாங்க. உங்க சொந்தமா இருக்கணும். அடுத்தவங்க புஸ்தகம் வேண்டாம், உரிமைப் பிரச்சனை வரும்" என்றார். கோந்தக்கா கையை உயர்த்தினார். பள்ளிப் பிள்ளை மாதிரி.

"காலேஜ் ஏத்துக்காத ஆய்வேடு போடலாமா தம்பி?"

"தாராளமாப் போடலாம். இது என்ன, ஏத்துக்க மாட்டேன்னா சொல்லப்போகுது? மெஷின்தானேக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கே வந்துவிட்டார். தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் அது. புத்தகமாகக் கொடுத்தால் வாங்காது. பைண்டிங் அறைக்குப் போய், வெட்டும் இயந்திரத்தில் ஆய்வேட்டின் முதுகை வைத்தார். ஒரே வெட்டு. தானே ஒட்டிய சீட்டோடு முதுகு தனியாக விழுந்தது. நூற்று அறுபத்தொன்பது தாள்களும் பதினேழு நிமிடத்தில் ஸ்கேன் ஆயின.

படிவத்தில் ஒரு கட்டம், உரிமையாளர் சம்மதம் கேட்டது. அங்கே நின்றுவிட்டார்.

"எழுதினவன் இல்லேன்னா யாரு டிக் போடறது தம்பி?"

பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தார். "வாரிசு போடலாம்க்கா."

கோந்தக்கா இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு சுட்டியைப் பிடித்தார்.

ஒருவர் சமர்ப்பித்ததை மற்றொருவர் சரிபார்த்து ஏற்கவேண்டும் என்பது அன்றைய பயிற்சி. பக்கத்தில் பெரிய மீசை வைத்த நூலகர் ஒருவர். கோந்தக்காவின் ஆவணம் அவருக்குப் போனது. "ஆசிரியர் பேருல இனிஷியல் இடம் மாறி இருக்கு. ரிஜெக்ட்!" என்றார் விளையாட்டாக. கோந்தக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மீசைக்காரர் பதறிப்போய், "ஐயோ, சும்மா சொன்னேம்மா. இந்தா, ஏத்துக்கிட்டேன், ஏத்துக்கிட்டேன்" என்று அவசரமாக அழுத்தினார். திரையில் ஒரு வரி வந்தது. கோந்தக்கா அதை வாய்விட்டுப் படித்தார். "ஏற்றுக்கொள்ளப்பட்டது." கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை படித்தார்.

சாப்பாட்டு வேளையில் என்னிடம் வந்தார். கையில் சீட்டு. மூன்று அங்குலம், இரண்டு அங்குலம்.

"பாத்தீங்களா சார். பதினோரு வருசமா நீங்க தராத நம்பரு."

பார்த்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக, பிறகு ஒரு கோடு, பிறகு நாற்பத்தேழு. என் மடியில் திறந்திருந்த நோட்டில், முதல் நாள் பக்கத்தில், அந்த எண்ணைப் பற்றிய வாக்கியம் இருந்தது. அடியில் கோடும் போட்டிருந்தேன்.

"நிரந்தர எண்ணாம் சார். மாறவே மாறாதாம்."

"நல்லதும்மா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்பதை ஒழுங்காக எழுதவேண்டும். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை என்பது பாதி. மீதிப் பாதி வேறு. அது பயிற்சி சர்வர் என்று சொன்னால், "அப்ப நிஜ சர்வர்ல ஏத்துவீங்களா சார்?" என்று அடுத்து கேட்பார். பன்னிரண்டாம் முறையாக இல்லை என்று சொல்லவேண்டி வரும். அதைத் தள்ளிப்போட்டேன். தாள்தான் அவரிடம் இருக்கிறதே, ஒன்றும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை ஐந்து மணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இருபத்து நான்காவதாகக் கோந்தக்காவுக்கும் ஒன்று. அவர் அதை வாங்கிக்கொண்டு டீக் கோப்பைகளை அடுக்கக் கீழே போனார். மேலே பயிற்சியாளர் இரண்டு வரி தட்டினார். ஆறு நிமிடத்தில் முடிந்தது.

அதன்பிறகு ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் ஒருநாள், "ஞாயித்துக்கெழமை நடக்கறது உடம்புக்கு நல்லா இருக்கு சார்" என்றார். எங்கே நடக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பத்தாம் வாரம் திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தார். ஏழாம் எண் கிணற்று வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். வெளிநாட்டில் உள்ள மகளுக்கு அந்த முகவரியை அனுப்பியிருக்கிறார். அது திறக்கவில்லை என்று மகள் சொன்னாளாம்.

"டீச்சரம்மாவுக்கு எந்த முகவரி?"

"நான் குடுத்ததுதான் சார். எல்லா வீட்டுக்கும் குடுத்தேனே. அவங்கவங்க கெணத்துத் தாளைக் கவர்ல போட்டு, மூலைல முகவரிச் சீட்டை ஒட்டி. தம்பி சொல்லிட்டுப் போனதில்ல? நேத்தோட நாப்பத்தொண்ணும் முடிஞ்சுது."

"தாளையே குடுத்துட்டீங்களா? நகல் எடுக்கலையா?"

"எதுக்கு சார்? அதான் மேல ஏறிடுச்சே. தாளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? அவன் வாரம் தவறாம கயிறு விட்ட வீடுங்க. அங்கேயே இருக்கட்டும்னு."

நான் நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, அவர் முன் வைத்தேன். அவர் நின்றபடியே படித்தார். பத்து இருபது என்ற நேரக் குறிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நான் நாற்காலி தூக்கிட்டு இருந்தேன்."

"ஆமாம்மா."

"நீங்க அங்க இருந்தீங்க."

"ஆமா."

"எழுதி வெச்சிருக்கீங்க."

தலையாட்டினேன்.

"அச்சு பிசகாம எழுதி வெச்சுட்டு, சும்மா இருந்திருக்கீங்க."

குரல் உயரவில்லை. நோட்டை மூடி, எப்போதும் போல் மேசை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டுப் போனார். பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் நல்ல பையன். உண்மையிலேயே வருந்தினார். அழித்தது அழித்ததுதான் சார் என்றார். கணினி அறையில் தேடினோம். அங்குள்ள கணினிகள் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் பழைய நிலைக்கே திரும்பும்படி அமைத்தவை. ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். கையில் என் மகனின் கேமரா போன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "படம் எடுக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். ஆறு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"கத்துக்கிட்டேன்."

"கட்டை விரலைத் தள்ளிப் புடிங்க."

வீடு வீடாகப் போனோம். தாளைத் திருப்பிக் கேட்பதில்லை என்பது அவர் வைத்த விதி. "ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்துடறேன்" என்று மட்டும் சொல்வார். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. டீச்சரம்மா மூன்று தாளையும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். பன்னிரண்டாம் கிணற்றுத் தச்சர் தன் கருவிப்பெட்டி மூடியின் உள்ளே ஒட்டியிருந்தார். "பசங்க கிழிச்சிடுவாங்கம்மா, அதான் பெவிகால் போட்டுட்டேன். கயித்துத் தம்பி கையால எழுதினதாச்சே" என்றார். அது கையால் எழுதியதல்ல, அச்சடித்தது. கோந்தக்கா திருத்தவில்லை. மூடியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டார். நான் படம் எடுத்தேன். இரண்டில் என் கட்டை விரல் விழுந்தது. மூன்றாவதில் சரியாக வந்தது.

இருபத்து மூன்றாம் கிணறு சலவைக்கடைக்காரருடையது. அவர் தலையைச் சொறிந்தார்.

"பழைய பேப்பரோட போட்டுட்டேனே அக்கா. நீங்க திரும்பக் கேப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேல தப்பே இல்ல. குடுத்தவ நான்தானே."

"என்ன எழுதியிருந்துச்சு அதுல, முக்கியமா?"

"உங்க கெணத்துல எவ்வளவு தண்ணி இருந்துச்சுன்னு."

"அதுவா! அது எனக்கே தெரியுமே. எப்பவும் நெறயத்தான் இருக்கும்" என்று அவர் சிரித்தார். கோந்தக்காவும் கூடச் சிரித்தார். தெருமுனை வரை அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. திரும்பியதும் சைக்கிளை நிறுத்திவிட்டு, பிடியைப் பிடித்தபடி நின்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்து நாலாம் வீடு கைமாறியிருந்தது. தாளை வாங்கிக்கொண்ட பழைய வீட்டுக்காரர்கள் கவரோடு அதை எங்கேயோ போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வந்தவர்கள் கிணற்றை மண் கொட்டி மூடியிருந்தார்கள். கோந்தக்கா அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது.

"இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். ரெண்டாவது வருசம் கோடை. ஊர்லயே இங்கதான் ஆழம். அவன் சொன்னான், பதினொண்ணு புள்ளி ரெண்டு. நானும் சொன்னேன், பதினொண்ணு புள்ளி…"

நான் பேனாவைத் திறந்தேன். அவர் நிறுத்திவிட்டார்.

"ரெண்டா, மூணா?"

எனக்கு எப்படித் தெரியும்? காத்திருந்தேன்.

"எழுதாதீங்க சார்" என்றார் கண்ணைத் திறந்து. "சந்தேகமா இருக்கு. தப்பா எழுதினா அவனுக்குப் புடிக்காது."

பேனாவை மூடினேன். என் வேலையில் முப்பத்தோரு வருடத்தில் பார்த்த எவரையும் விட அவர் கண்டிப்பானவர் என்று அன்று தெரிந்தது.

ஐந்து ஞாயிறுகளில் முடிந்தது. இருபத்தாறு கிணறுகளுக்கு மூன்று தாளும் கிடைத்தன. ஆறு கிணறுகளுக்கு ஒன்றோ இரண்டோ, ஆக மொத்தம் பத்து. ஒன்பது கிணறுகளுக்கு எதுவும் இல்லை. நூற்று இருபத்து மூன்றில் எண்பத்தெட்டு. முப்பத்தைந்து போய்விட்டன. முன்னுரையும் முடிவுரையும் அவரிடமே இருந்தன. முடிவுரையில் ஒரு வாக்கியம்: "இந்த முடிவுகள் நாற்பத்தொரு கிணறுகளின் இடைவிடாத அளவுகளைச் சார்ந்தவை."

கல்லூரியின் நிஜக் களஞ்சியம் அடுத்த வருடம் தொடங்கியது. நான் அப்போது ஓய்வுபெற்றிருந்தேன். புதிய நூலகரைப் போய்ப் பார்த்தேன். சமர்ப்பிக்காத ஆய்வேட்டுக்கு வழியில்லை என்று அவரும் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆய்வேடுன்னு ஏன் போடணும்? நீர்மட்ட அளவுகள்னு, பிற ஆவணங்கள்ல போட்டுடலாமே" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிற ஆவணங்கள் என்ற பிரிவு என் பதிவேட்டிலும் இருந்தது. கடைசிப் பக்கங்களில், முப்பத்தோரு வருடமாக. நான் அதில் பழைய வரைபடங்களையும் விழா மலர்களையும் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

படிவத்தை நானே நிரப்பினேன். தலைப்பு. ஆசிரியர்: தம்பியின் பெயர், இனிஷியல் சரியான இடத்தில். அளவுகளைப் பதிந்தவர்: கோந்தக்காவின் முழுப் பெயர். விளக்கம் என்ற கட்டத்தில், எந்தெந்தக் கிணற்றுக்கு எந்தெந்த வருடத் தாள் இல்லை என்று வரிசையாக எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். பயிற்சி சர்வர் அழிக்கப்படும் என்பதை அறிந்திருந்தும் உரியவரிடம் சொல்லாத பதிவேட்டு எழுத்தரின் தவறால் இந்தத் தாள்கள் இழக்கப்பட்டன என்று. கீழே என் பெயர்.

சமர்ப்பிக்கும் முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். தம்பி பெயருக்குக் கீழே தன் பெயரைப் பார்த்ததும் விரலை அங்கே வைத்தார். பிறகு இல்லாத தாள்களின் பட்டியல். ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்தார்.

"இதை எடுத்துடுங்க சார்."

"உண்மைதானேம்மா அது."

"உண்மைதான். யாரு இல்லேன்னது?" என்றார். "அதை எழுத வேற எடம் பாத்துக்குங்க. இது என் தம்பி எடம்."

எடுத்துவிட்டேன். எழுத்து எழுத்தாக அழிவதை அவர் கடைசி வரை பார்த்தார். பிறகு சமர்ப்பித்தோம். புது நூலகர் மேசையில் இருந்தபடியே ஏற்றுக்கொண்டார். எண் வந்தது. முன்னால் கல்லூரியின் சொந்த எண். பொம்மை எண் இல்லை. ஒரு சீட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். பேனாவையும் வைத்தேன்.

"இந்த சர்வரை எப்ப அழிப்பாங்க சார்?"

"அழிக்க மாட்டாங்கம்மா. இது நிஜம்."

"ம்" என்றார்.

சீட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். திருப்பி எடுத்துவைக்க வேண்டிய புத்தகங்கள் வண்டி நிறைய இருந்தன. அதைத் தள்ளிக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே போனார்.